எந்த மாதத்தில் வார்டு மாறலாம்: ஒரு செவிலியரின் கணக்கு

பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு, 8 செமஸ்டர். கடைசி செமஸ்டரில் இன்டர்ன்ஷிப் 22 வாரம். இந்திய நர்சிங் கவுன்சிலின் புதிய பாடத்திட்டம் அந்த 22 வாரத்தை இப்படிப் பங்கு போட்டிருக்கிறது: பெரியவர்களுக்கான மருத்துவமும் அறுவையும் சேர்த்து 6 வாரம், குழந்தைகள் 4, மனநலம் 4, பிரசவம் 4, சமூக நலம் 4. டயாலிசிஸ், கேத் லேப், புற்றுநோய் வார்டு இவற்றுக்கெல்லாம் அந்தப் பங்கீட்டில் தனி இலைகூடக் கிடையாது. தனக்கு எந்தப் பிரிவு ஒத்துவரும் என்று ஒரு மாணவி இன்டர்ன்ஷிப்பில் தெரிந்துகொள்ளக் கிடைக்கும் அவகாசம், பிரிவுக்கு ஏறத்தாழ ஒரு மாதம். அதன் பிறகு வேலைக்குச் சேரும் நாளில் அவரை எங்கே போடுவது என்பதை அவர் விருப்பம் தீர்மானிப்பதில்லை. அன்றைக்கு எந்த வார்டு ரோஸ்டரில் ஆள் குறைகிறதோ அங்கே போடுவார்கள்.

ஆகவே சேர்ந்த எட்டாவது மாதத்தில் ஒரு இளம் சிஸ்டர் "இந்த வார்டு எனக்கு வேண்டாம்" என்று சொன்னால், அதைப் பொறுமையின்மை என்று உடனே ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு மாதப் பழக்கத்தையும் ஒரு ரோஸ்டர் ஓட்டையையும் வைத்து நடந்த தேர்வு அது. மாறலாமா என்ற கேள்விக்கு வீட்டில் சம்பளத்தை வைத்துப் பதில் சொல்கிறார்கள். சீனியர்கள் மனசை வைத்துச் சொல்கிறார்கள். மாதக் கணக்கை வைத்துப் பார்க்கிறவர்கள் குறைவு. என் பார்வையில் பெரிய செலவு அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

சென்னையின் மேற்கு ஓரத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு தனி வடிவம் உண்டு. போரூரில் 1985இல் தொடங்கிய ஸ்ரீராமச்சந்திரா இருக்கிறது. மதுரவாயல் தாண்டினால் வேலப்பன்சாவடியில் ஏ.சி.எஸ்., பூந்தமல்லி தாண்டினால் நசரத்பேட்டைப் பக்கம் பனிமலர், அதற்கும் அப்பால் தண்டலத்தில் சவீதா. வரிசையாக மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள். முகப்பேரில் இதய நோய்க்குப் பேர் எடுத்த மெட்ராஸ் மெடிக்கல் மிஷன். அம்பத்தூரில் தொழிற்பேட்டைக் காலத்தைச் சேர்ந்த, 1966இல் வந்த சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு மருத்துவமனை. ஆவடியில் அரசு மருத்துவமனை. இவற்றுக்கு நடுவே சி.டி.எச். ரோட்டின் இரு பக்கமும், உள் தெருக்களிலும், இருபது முப்பது படுக்கையோடு நடக்கும் நர்சிங் ஹோம்கள்.

ஒரு செவிலியரின் கண்ணில் இவை மூன்று வகை வாசல்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரே வாசலுக்குள் இருபது பிரிவு இருக்கும். வார்டு மாற வேலையை விட வேண்டியதில்லை. ஒரே நோய்க்கான மருத்துவமனையில் கை நன்றாகப் பழகும், ஆனால் உள்ளே மாறுவதற்கு அதிகம் இடமில்லை. இதய ஐசியுவிலிருந்து இதய வார்டுக்குப் போகலாம், பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குப் போக முடியாது. சின்ன நர்சிங் ஹோமில் பிரிவு என்ற பேச்சே இல்லை. காலையில் பிரசவம், மதியம் குடல்வால் அறுவைக்கு உதவி, இரவில் காய்ச்சல் வார்டு, இடையில் பில்லிங் கவுன்ட்டரில் ஒரு மணி நேரம். அங்கே ஒருவர் கற்றுக்கொள்வது ஏராளம். அந்த ஏராளத்துக்குச் சான்றிதழில் என்ன பேர் எழுதுவார்கள் என்பதுதான் பிரச்சினை.

முதலில் சம்பளம். 2016 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம், இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில், தனியார் செவிலியர் ஊதியம் பற்றி ஆராய ஒரு நிபுணர் குழு அமைக்கச் சொன்னது. அந்தக் குழு படுக்கையை வைத்தே படி கட்டியது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம். 100க்கு மேல் என்றால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50க்குக் கீழே எப்படியும் மாதம் 20,000 ரூபாய். கேரளத்தில் செவிலியர்கள் 2017இல் போராடி, 2018 ஏப்ரலில் 20,000 என்ற அடிப்படையை அரசு அறிவிக்கையாகவே வாங்கினார்கள். குழுவின் பரிந்துரைக்கோ தானாகச் சட்ட வலு இல்லை.

இந்தப் படிக்கட்டில் ஒன்றைக் கவனியுங்கள். குழு சம்பளத்தைக் கட்டியது கட்டடத்தின் அளவோடு, பிரிவோடு அல்ல. அரசுச் சம்பளத்தை 100 என்று வைத்தால் பெரிய மருத்துவமனை 100, நடுத்தரம் 90, அதற்கடுத்தது 75. ஐசியு நர்ஸ், வார்டு நர்ஸ் என்று வேறுபாடு எங்கும் இல்லை. மத்திய அரசிலும் அப்படியே: எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் எந்தப் பிரிவில் இருந்தாலும் ஏழாம் நிலையில், 44,900 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில்தான் தொடங்குகிறார். சம்பளத்துக்காகப் பிரிவு மாறுகிறேன் என்று ஒருவர் சொன்னால், பெரும்பாலும் அவர் மாறுவது வாசலை.

அரசு வேலையின் கணக்கையும் இங்கேயே பார்த்துவிடலாம், ஏனென்றால் வீட்டில் எல்லாப் பேச்சும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி., 2015இல் தேர்வு நடத்தி 7,243 செவிலியர்களை ஒப்பந்த முறையில் எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டு முடிந்தால் நிரந்தரம் என்பது நம்பிக்கை. 7,700ஐ 24ஆல் பெருக்கினால் 1,84,800 ரூபாய். 30 நாள் மாதத்தில் நாளொன்றுக்கு 257 ரூபாய். சொன்ன காலம் கடந்தும் நிரந்தரம் வராதபோது 2017 நவம்பர் கடைசியில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் உட்கார்ந்தார்கள். 2018இல் தொகை 14,000 ஆனது, பிறகு 18,000. கொரோனா காலத்தில் எடுக்கப்பட்டவர்களில் 2,472 பேரின் பணியோ 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடித்துவைக்கப்பட்டது. இரண்டரை ஆண்டு, அதுவும் எந்த மருத்துவமனையிலும் கிடைக்காத அளவு ஆக்சிஜன், வென்டிலேட்டர் பழக்கம். வெளியே வந்தபோது அவர்கள் கையில் மிஞ்சிய சொத்து அந்த அனுபவம் ஒன்றுதான். அரசு வேலை வேண்டாம் என்பதல்ல நான் சொல்ல வருவது. அந்த வரிசையில் நிற்கும் காலத்திலும் பிரிவு அனுபவம் என்ற உண்டியலில் ஏதாவது விழுந்துகொண்டிருக்க வேண்டும்.

அடுத்து இரவுகள். "ஐசியுவுக்குப் போனால் நிம்மதி, ஒருத்தருக்கு ஒரே பேஷன்ட்" என்று ஒரு நம்பிக்கை வார்டுகளில் உலவுகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நர்சிங் கவுன்சில் விதிப்படி, கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் 3 படுக்கைக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனையில் 5 படுக்கைக்கு ஒருவர், அதற்கு மேல் விடுப்புக்கென்று 30 சதவீதம் கூடுதல்.

கல்லூரி மருத்துவமனையில் 30 படுக்கை வார்டு: 10 பேர், கூடுதல் 3, ஆக 13. அந்தப் பத்து இடத்தைக் காலை 4, மாலை 3, இரவு 3 என்று பிரித்தால், ஏட்டில் 3க்கு ஒன்று என்று இருப்பது இரவில் 10 படுக்கைக்கு ஒருவராக நிற்கிறது. ஆண்டுக்கு 3 × 365, அதாவது 1,095 இரவுப் பணி. 13 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 84 இரவு. சாதாரண மருத்துவமனையின் 30 படுக்கை: 6 பேர், கூடுதல் 2, ஆக 8, இரவுக்கு 2 பேர் என்றால் ஆளுக்கு 15 படுக்கை, ஆண்டுக்கு 91 இரவு. பத்துப் படுக்கை ஐசியுவில் ஒவ்வொரு ஷிஃப்டிலும் படுக்கைக்கு ஒருவர் என்று வைத்தால் 30 பேர், கூடுதல் 9, ஆக 39, இரவுப் பணி 3,650, ஆளுக்கு 94.

84, 91, 94. ஐசியுவுக்குப் போனால் குறைவது நோயாளி எண்ணிக்கை. இரவு அப்படியே இருக்கிறது, சொல்லப்போனால் கொஞ்சம் கூடுகிறது. இதுவும் விதிப்படி ஆள் போட்டால். விதியைவிட ஆள் குறையக் குறைய இரவு கூடும், அந்தக் கணக்கைச் சுவரில் ஒட்டியிருக்கும் ரோஸ்டரே சொல்லும்: காலை, மாலை, இரவு, ஓய்வு நாள் என்பதற்கு எம், ஈ, என், டி.ஓ. என்று கட்டம் கட்டமாக எழுதி, பென்சிலில் அடித்து, வெள்ளை மை பூசி, அதன் மேல் மறுபடி 'என்' எழுதிய தாள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இரவு ஷிஃப்ட் வேலையை 2007இல் 'அநேகமாகப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியது' என்ற 2ஏ பட்டியலில் சேர்த்தது. 2019இல் மறுபடி ஆராய்ந்தும் அதே இடத்தில் வைத்தது. இரவுதான் தாங்கவில்லை என்பவர் ஐசியு பக்கம் பார்க்கவே வேண்டாம். அவர் பார்க்க வேண்டியது டயாலிசிஸ், புறநோயாளர் பிரிவு, எண்டோஸ்கோபி, பகல்நேர கீமோ. டயாலிசிஸில் ஒரு நோயாளி வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் வருவார். ஆண்டுக்கு 156 முறை ஒரே முகம். சிலருக்கு அதுவே பிடித்துப்போகும். சிலருக்கு, 156 முறை பார்த்த முகம் ஒரு திங்கட்கிழமை வராமல் போவது எந்த இரவைவிடவும் கனம்.

எக்ஸ்ரே பார்த்தபடி இதயக் குழாய்களைச் சரிசெய்யும் கேத் லேபுக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு இன்னொரு எண். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு, கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30. கர்ப்பம் என்று தெரிவித்த பின், மீதிக் காலம் முழுமைக்கும் கருவுக்கு 1. இருபதுக்கும் ஒன்றுக்கும் இடையிலுள்ள தூரத்தை, கல்யாணம் நிச்சயமான பிறகு கேத் லேபுக்கு மாற்றல் கேட்பவர் யோசித்து வைத்திருப்பது நல்லது.

இனி மாதக் கணக்கு.

எம்.எஸ்சி. நர்சிங்கில் ஐந்து பிரிவு: மருத்துவம்-அறுவை, குழந்தை, மகப்பேறு, மனநலம், சமூக நலம். பி.எஸ்சி.யில் 55 சதவீதமும், ஓராண்டுப் பணி அனுபவமும் வேண்டும். கிரிட்டிகல் கேர், எமர்ஜென்சி, புற்றுநோய், பச்சிளங்குழந்தை என்று ஓராண்டுப் பட்டயப் படிப்புகள் இருக்கின்றன, அவற்றுக்கும் ஓராண்டு. 2016 வாக்கில் கவுன்சில் கொண்டுவந்த கிரிட்டிகல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு, இரண்டு ஆண்டு, அதில் ஐந்தில் நான்கு பங்கு நேரடியாகப் படுக்கையருகே, அதற்கும் ஓராண்டு. இவை எல்லாவற்றுக்கும் திறவுகோல் 12ஆம் மாதம். முக்கியமாக, எம்.எஸ்சி.க்கு அந்தப் பன்னிரண்டு மாதமும் ஒரே வார்டில் கழிந்ததா என்று கேட்பதில்லை.

24ஆம் மாதத்தில் அடுத்த வாசல். வளைகுடா மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கிறவர்கள் வழக்கமாகக் கேட்பது இரண்டு ஆண்டு, அதுவும் அவர்கள் எடுக்கும் பிரிவிலேயே, அதுவும் சமீபத்தில். ஜி.என்.எம். என்ற பட்டயப் படிப்பு முடித்தவர் எய்ம்ஸின் நார்செட் தேர்வு எழுதவும் இரண்டு ஆண்டு வேண்டும். அங்கே பிரிவு முக்கியமில்லை, ஆனால் அது குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையாக இருக்க வேண்டும். அம்பத்தூரில் 30 படுக்கை நர்சிங் ஹோமில் மூன்று ஆண்டு உழைத்த ஜி.என்.எம். நர்ஸுக்கு இந்தக் கணக்கில் கிடைப்பது பூஜ்யம். இதை யாரும் வேலைக்குச் சேரும்போது சொல்வதில்லை. நார்செட் உச்ச வயது பொதுவாக 30 என்பதால், தாமதமாகத் தெரிந்துகொண்டால் ஈடுகட்டவும் நேரமிருக்காது.

ஆக இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று மொத்தப் பணியை எண்ணுவது. வார்டு மாறினாலும் நிற்காது. மற்றது பிரிவை எண்ணுவது. மாறிய அன்றைக்கு முள் பூஜ்யத்துக்கு வரும். இரண்டாவது கடிகாரத்தில் 24ஐத் தொட எத்தனை மாதம் ஆகும் என்று பாருங்கள்:

6ஆம் மாதம் மாறினால் 30இல் கைக்கு வரும்.
12ஆம் மாதம் மாறினால் 36.
20ஆம் மாதம் மாறினால் 44.
24 முடித்து மாறினால் 48. ஆனால் 24இலேயே ஒரு சான்றிதழ் கையில் இருக்கும்.

20ஆம் மாதம் மாறுகிறவர், பழைய பிரிவில் விலை போகிற சான்றிதழுக்கு நான்கு மாதம் முன்பாகவே அதைக் கைவிட்டுவிட்டு, புதிய பிரிவின் சான்றிதழுக்கு 44 வரை காத்திருக்கிறார். கையில் எதுவும் இல்லாமல் 44 மாதம். நான்கு மாதம் பல்லைக் கடித்திருந்தால் இரண்டு சான்றிதழ் 48இல். மனம் மாறுவதற்கு நல்ல மாதம், கெட்ட மாதம் என்று இல்லாமல் இருக்கலாம். மாற்றல் மனு கொடுப்பதற்கு உண்டு. 9இலிருந்து 14 வரை மலிவு. 15இலிருந்து 23 வரை விலை அதிகம். 24இல் மறுபடி மலிவு.

ஏன் 9இலிருந்து, ஏன் மூன்றாம் மாதமே கூடாது? மார்லின் கிரேமர் என்ற அமெரிக்கச் செவிலியர் 1974இல் ஒரு புத்தகம் எழுதினார். கல்லூரியில் படித்ததற்கும் வார்டில் நடப்பதற்கும் உள்ள இடைவெளியில் புதிய நர்ஸ் வாங்கும் அடியைப் பற்றியது. முதல் சில மாதத்தில் வருகிற வெறுப்பு பெரும்பாலும் அந்த வார்டின் மேல் வருவதல்ல. வேலையின் மேலேயே வருவது. வார்டு மாறினால் அது பின்னாலேயே வரும். பத்தாண்டு கழித்து 1984இல் பாட்ரீஷியா பென்னர் இன்னொரு கணக்கு வைத்தார்: ஒரே மாதிரிப் பணியில் இரண்டு மூன்று ஆண்டு இருந்தால்தான் ஒரு நர்ஸ் தேர்ந்தவர் என்ற நிலைக்கு வருவார், புதிய பிரிவுக்குப் போனால் அனுபவசாலியும் கற்றுக்குட்டியாகத்தான் தொடங்குவார்.

பின்னதற்கு ஓர் உதாரணத்தை அருகில் போய்ப் பார்க்கலாம். பெரியவர்கள் வார்டில் ஒரு லிட்டர் சலைன் எட்டு மணி நேரத்தில் போக வேண்டும் என்றால் மணிக்கு 125 மில்லி. மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாயில் நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. பழகின சிஸ்டர் கடிகாரத்தைக்கூடப் பார்க்காமல் கண்ணளவிலேயே வைத்துவிட்டுப் போவார். அவரே பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு மாறுகிறார். குழந்தை 1,200 கிராம், பிறந்த முதல் நாள். கிலோவுக்கு 80 மில்லி என்றால் நாளைக்கு 96. மணிக்கு 4 மில்லி. அதை சிரிஞ்ச் பம்பில்தான் வைக்க வேண்டும், கண்ணளவு உதவாது. 125க்கும் 4க்கும் 31 மடங்கு வித்தியாசம். வார்டில் ஐந்து மில்லி கூடப்போனால் யாருக்கும் தெரியாது. இங்கே ஐந்து மில்லி கூடுதல் என்பது ஒரு மணி நேரத்து அளவுக்கும் மேல். எடையைக் கிராமில் யோசிப்பதற்கும், ஒவ்வொரு எண்ணையும் இன்னொருவரிடம் சொல்லிச் சரிபார்ப்பதற்கும் கை பழக மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் அவர் ரோஸ்டரில் முழு ஆள், வேலையில் அரை ஆள். இன்சார்ஜ் சிஸ்டர் முகம் சுளிப்பது இந்த அரை ஆளுக்காகத்தான். மாற்றல் மனுவில் "மூன்று மாதம் மேற்பார்வையில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று தானே கேட்கிறவருக்கு இடம் கிடைப்பது சுலபம் என்பது பலர் அனுபவம்.

இதுவரை சொன்னது வாசலுக்குள்ளே மாறுவது. வாசலையே மாற்றினால் பேரேட்டில் வேறு வரிகள் சேரும்.

ஆவடியில் வீடு, அம்பத்தூரில் வேலை, சம்பளம் 20,000 என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். பூந்தமல்லிப் பக்கம் ஒரு மருத்துவமனை ஐசியுவுக்கு 22,500 தருவதாகச் சொல்கிறது. எண்கள் நான் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கூடுதல் வரவு, ஆண்டுக்கு: 30,000.
தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யின் பிடித்தம் நின்றதால்: 1,800.
நோட்டீஸ் காலம் இருக்காமல் கிளம்பினால் ஒரு மாதச் சம்பளம்: கழிவு 20,000.
குறித்த காலத்துக்குள் விலகினால் கட்டுவேன் என்று பாண்ட் 50,000 எழுதிக்கொடுத்திருந்தால்: கழிவு 50,000.
பேருந்து: பெண்களுக்குச் சாதாரண மாநகரப் பேருந்தில் 2021 மே முதல் கட்டணமில்லை; ஆக 0.

முதல் ஆண்டு முடிவில் 38,200 நட்டம். இரண்டாம் ஆண்டு முடிவிலும் 6,400 நட்டம். மூன்றாம் ஆண்டில்தான் லாபம் எட்டிப் பார்க்கும். பாண்ட் காலம் முடிந்தபின் போயிருந்தால் முதல் ஆண்டிலேயே 11,800 லாபம். நோட்டீஸும் இருந்து போனால் 31,800. ஒரே வேலை, ஒரே சம்பளம். தேதி மட்டும் வேறு. பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது என்று ஹாஸ்டலில் சொல்லும் ஆறுதலை முழுசாக நம்ப வேண்டாம். ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது, உண்மைதான். ஆனால் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்றது. அது பொதுத்துறை வங்கி, ஆள் எடுக்கும் செலவு வேறு; இருந்தாலும் "பாண்ட் என்றாலே குப்பை" என்று சொல்ல இனி முடியாது.

ஈ.எஸ்.ஐ. வரியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வரம்பு 21,000 ரூபாய், 2017 ஜனவரியிலிருந்து. 20,000 சம்பளத்தில் செவிலியர் கட்டுவது 0.75 சதவீதம், 150 ரூபாய்; நிர்வாகம் கட்டுவது 3.25 சதவீதம், 650. இந்த 800 ரூபாய்க்குத் தனக்கும், தன்னைச் சார்ந்த குடும்பத்துக்கும் சிகிச்சை, கே.கே. நகர், அயனாவரம் மருத்துவமனைகள். 22,500 என்று புதிய இடத்தில் சேர்ந்தால் அந்த அட்டை கைவிட்டுப் போகும். வீட்டில் அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு முழங்கால் என்றால், மாதம் 2,500 கூடுதலில் எவ்வளவு மருந்துக் கடைக்குப் போகும் என்று அவரவர் வீட்டுச் சீட்டைப் பார்த்தால் தெரியும்.

பிரசவமும் இதே வரியில் வருகிறது. முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம், 182 நாள் சம்பளத்தோடு விடுப்பு. ஈ.எஸ்.ஐ.யில் முந்தைய இரண்டு சந்தா காலத்தில் 70 நாள் கட்டியிருந்தால் போதும். மருத்துவமனை மாறினாலும் காப்பீட்டு எண் ஒன்றுதான், நாள்கள் கூடவே வரும். ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே என்றால், பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த நிர்வாகத்திடமே 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். 20,000 சம்பளத்தில் 182 நாள் என்பது ஏறத்தாழ 1,20,000 ரூபாய். ஆண்டுக்கு 30,000 கூடுதலுக்காக மாறும் தேதி, இந்த 1,20,000க்குக் குறுக்கே விழாதபடி நாள் எண்ணிப் பார்க்க வேண்டும். கல்யாணமான பெண்ணிடம் இதை வெளிப்படையாகச் சொல்கிற ஹெச்.ஆர். அபூர்வம்.

கிராஜுவிட்டி போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். ஐந்து ஆண்டுக்கு, அடிப்படைச் சம்பளம் 12,000 என்றால், அதை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, ஐந்து ஆண்டால் பெருக்கினால் 34,615 ரூபாய். இரண்டாம் ஆண்டில் நிற்பவர் இதற்காக மூன்று ஆண்டு பிடிக்காத வார்டில் உட்கார வேண்டியதில்லை. நான்கரை ஆண்டு ஆனவர் மட்டும் உட்காரலாம். பி.எஃப். கணக்கும் யு.ஏ.என். எண்ணோடு கூடவே வரும், அதைப் பற்றிக் கவலை இல்லை.

படிப்பதற்காக விலகுவதும் ஒரு வாசல் மாற்றமே. எம்.எஸ்சி.க்கு இரண்டு ஆண்டு என்றால், 20,000 சம்பளக்காரர் இழப்பது 4,80,000 ரூபாய், கட்டணம் தனி. ஓராண்டுப் பட்டயம் என்றால் 2,40,000. கற்பிக்கும் வேலையில் மேலே போக விரும்புகிறவருக்கு எம்.எஸ்சி. இல்லாமல் முடியாது, படுக்கையருகே இருக்க விரும்புகிறவருக்கு அந்த 4,80,000 எப்போது திரும்பி வரும் என்று நான் போட்டுப் பார்த்த எந்தக் கணக்கும் மகிழ்ச்சியாக முடியவில்லை. பிரிவைப் பற்றி முடிவு செய்யாமல், வார்டிலிருந்து தப்பிக்கவென்றே எம்.எஸ்சி. சேருகிறவர்களைப் பார்க்கும்போது சங்கடமாக இருக்கிறது. மனநலத்தில் சீட் கிடைத்தது, சேர்ந்துவிட்டேன் என்பார்கள். ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தால் மற்ற நான்கும் மூடும். வெளிநாட்டிலும் அந்தக் கோடு நீள்கிறது: பிரிட்டனின் செவிலியர் பதிவேடு பெரியவர், குழந்தை, மனநலம், கற்றல் குறைபாடு என்று நான்கு துறையாகவே பிரிந்து கிடக்கிறது.

வெளிநாட்டு ஏஜென்ட் பற்றி ஒரே ஒரு எண்: வேலை தேடிக் கொடுப்பதற்கு அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு விதிப்படி உச்சம் 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து 35,400. அதற்கு மேல் லட்சத்தில் பேசுகிறவரிடம் எழுந்து வந்துவிடலாம். 1978லிருந்து தமிழக அரசே இதற்கென ஓர் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்துகிறது.

இந்த மாதக் கணக்குக்குள் அடங்காதவையும் உண்டு. இடுப்பு வலி எலும்பு முறிவு வார்டைத் தாங்காது. லேடெக்ஸ் ஒவ்வாமையோடு அறுவை அரங்கில் நிற்க முடியாது. ஒரு மேலதிகாரி தொல்லை தருகிறார் என்றால் 20ஆம் மாதம், 23ஆம் மாதம் என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. மற்றவர்கள், அதாவது அலுப்பும் ஆர்வமும் பாதிப்பாதி கலந்து யோசிக்கிற பெரும்பான்மை, முதலில் வாசலுக்குள்ளேயே மாறப் பார்ப்பது மலிவு: ஈ.எஸ்.ஐ. நிற்காது, 80 நாள் நிற்காது, பாண்ட் உடையாது, நிற்பது பிரிவுக் கடிகாரம் ஒன்றுதான். வாசலுக்குள் பிரிவே இல்லாத சின்ன நர்சிங் ஹோமில் இருப்பவர்தான் உடனே வெளியே பார்க்க வேண்டியவர், அதிலும் ஜி.என்.எம். என்றால் 50 படுக்கை உள்ள இடமாக.

மாறும்போது கையில் வாங்க வேண்டிய தாள் ஒன்று. பல இடங்களில் அனுபவச் சான்றிதழில் "ஸ்டாஃப் நர்ஸாக இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை" என்று ஒற்றை வரி இருக்கும். 14 மாதம் ஆண்கள் வார்டு, 24 மாதம் ஐசியு என்று உழைத்தவர் அந்த வரியில் 38 மாத ஸ்டாஃப் நர்ஸாக மட்டும் தெரிவார். ஐசியு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த 24ஐ நிரூபிக்க அவரிடம் எதுவும் இருக்காது. பிரிவுப் பெயர், ஒவ்வொரு பிரிவுக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, மருத்துவமனையின் மொத்தப் படுக்கை எண்ணிக்கை, நர்சிங் சூப்பரின்டென்டன்ட் கையெழுத்து. வார்டு மாறுகிற அன்றைக்கே உள் மாற்றல் ஆணையின் நகலை வாங்கி வைத்திருந்தால், இதைக் கேட்கும்போது யாரும் பழைய ரோஸ்டரைத் தேட வேண்டியிருக்காது. கேட்க வேண்டிய நேரம் ரிலீவிங் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு.